ஆபரேஷனுக்குப் பிறகு வலியும் வாந்தியும்: வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். நோயாளிகளும் கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். உங்கள் உடம்பின் கதை அவருக்குத்தான் தெரியும்.

ஆபரேஷன் செய்தால் வலிக்கத்தானே செய்யும்? ரெண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போகாதா?

வலி இருக்கும்தான். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் வேறு தொல்லைகள் வந்து சேரும். வயிற்றிலோ நெஞ்சிலோ தையல் இருப்பவர் வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக இழுப்பார், இருமலை அடக்குவார். சளி நுரையீரலின் அடியில் தங்கி நிமோனியா வரை போகலாம். புரளாமல், எழுந்திருக்காமல் படுத்தே இருந்தால் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையலாம்; அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. தூக்கம் கெடும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும். முதல் சில நாட்களில் அடங்காத கடும் வலி, சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் வலியாகத் தங்கிவிடுவதும் உண்டு.

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வந்த அம்மாக்களிடம் "வலிக்குதாம்மா?" என்று கேட்டால், "பரவாயில்லை சிஸ்டர், தாங்கிக்கிறேன்" என்பார்கள். முகம் சிரிக்கும். கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும், கால் விரல்கள் மடங்கியிருக்கும். பக்கத்தில் இருக்கும் பெரியவர், "நாங்கல்லாம் பெத்துப் போட்டுட்டு மறுநாளே வேலை பாக்கலையா?" என்பார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அந்த ஒரு பேச்சுக்காகவே வலியை மறைக்கும் பெண்கள் நிறையப் பேர். வலிக்கிறது என்று சொல்வதால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அதைக் கேட்டு மருந்து கொடுப்பதுதான் எங்கள் வேலை.

வலியே தெரியாமல் செய்துவிட முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது. ஆழமாக மூச்சு இழுக்க, இரும, புரண்டு படுக்க, பாத்ரூம் வரை நடக்க முடிகிற அளவுக்கு வலி குறைந்திருக்க வேண்டும். அதுதான் அளவுகோல்.

"பத்துக்கு எவ்வளவு வலிக்குது?" என்று கேட்கிறீர்கள். எப்படிச் சொல்வது?

வலியே இல்லை என்றால் 0, இதற்கு மேல் ஒரு வலி இருக்க முடியாது என்றால் 10. சும்மா படுத்திருக்கும்போது எவ்வளவு, இருமும்போதும் எழுந்து உட்காரும்போதும் எவ்வளவு என்று இரண்டு எண்ணாகச் சொல்லுங்கள். அசையாமல் இருந்தால் பல பேருக்கு 2தான். இருமினால் 8 ஆகிவிடும். எங்களுக்கு அந்த 8 முக்கியம். எண் சொல்ல வராவிட்டால் "கொஞ்சம், நடுத்தரம், தாங்க முடியல" என்று சொன்னாலே போதும். எந்த இடத்தில், எப்படி வலிக்கிறது என்பதையும் சொல்லுங்கள்: சுருக்கென்று குத்துகிறதா, எரிகிறதா, பிசைகிறதா, விட்டு விட்டு வருகிறதா. நரம்பு வலிக்கும் தசை வலிக்கும் வாயுப் பிடிப்புக்கும் மருந்து வேறு வேறு.

வலி வந்த பிறகு மருந்து கேட்டால் போதாதா? நேரத்துக்கு நேரம் எதற்கு?

வலி உச்சத்துக்குப் போன பிறகு அதை இறக்க அதிக மருந்து, அதிக நேரம் ஆகும். முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் வலி அதிகம். அந்த நாட்களில் மணி பார்த்துக் கொடுப்பதே சரி. இரவு மாத்திரையைத் "தூங்குறாங்க, எழுப்ப வேண்டாம்" என்று விட்டுவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு வலியில் அலறி எழுவது வீட்டுக்குப் போன பிறகு நிறையப் பேருக்கு நடக்கிறது. வலி மாத்திரை போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து நடப்பது, பிசியோதெரபி செய்வது, கட்டு மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டி மாற்று ஆபரேஷன் செய்தவர்களுக்கு இந்த ஒரு பழக்கம் செய்யும் உதவி கொஞ்சநஞ்சமல்ல.

ஒரே நேரத்தில் ரெண்டு மூணு வலி மருந்து கொடுக்கிறீர்களே, அதிகமில்லையா?

ஒரே மருந்தை அதிகமாகக் கொடுக்காமல் இருப்பதற்காகத்தான் இப்படி. வலி பல வழிகளில் மூளைக்குப் போகிறது. பாராசிட்டமால் ஒரு விதமாக வேலை செய்யும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபென் போன்றவை காயம்பட்ட இடத்தின் வீக்கத்தைக் குறைக்கும். மரத்துப்போகச் செய்யும் ஊசியை நரம்பைச் சுற்றிப் போட்டால் அந்த வழியே அடைபடும். மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் போன்ற ஓபியாய்டு மருந்துகள் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்யும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தால் ஓபியாய்டின் அளவு குறையும். ஓபியாய்டு குறைந்தால் வாந்தியும் மலச்சிக்கலும் தூக்கக் கலக்கமும் குறையும். ஓபியாய்டை எவ்வளவுக்குக் குறைக்கிறோமோ அவ்வளவுக்கு வாந்தியும் மட்டுப்படும் என்பதால், வலிக்கான திட்டத்தையும் வாந்திக்கான திட்டத்தையும் தனித்தனியாகப் போட முடியாது.

மார்ஃபின் போட்டால் அடிமையாகிவிடுவோமா?

ஆபரேஷன் வலிக்காக, ஆஸ்பத்திரியில், சில நாட்கள் மட்டும் கொடுக்கும்போது அந்த ஆபத்து குறைவு. முன்பு போதைப் பழக்கமோ குடிப்பழக்கமோ இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக யாரும் மருந்து தராமல் விடமாட்டார்கள், திட்டத்தை மாற்றி அமைப்பார்கள். நம் நாட்டில் இந்தப் பயம் வேரூன்றியதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வைத்த கெடுபிடியால் எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் மார்ஃபின் இருப்பு வைப்பதே நின்றுபோனது. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அந்த நிலை தளர்ந்தது. டிரமடாலும் 2018 முதல் அதே சட்டத்தின் கீழ் வருகிறது. அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுக்கும் நாட்களுக்கும் மேல் வாங்கிப் போடக் கூடாது.

அடிமையாவதைவிட உடனடியாகக் கவனிக்க வேண்டியது மூச்சு. ஓபியாய்டு மருந்தோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வலிக்கு ஒரு பொத்தானைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அப்பா தூங்கும்போது நான் அழுத்தலாமா?

கூடாது. வலி இருப்பவர் மட்டுமே அழுத்த வேண்டும். ஒரு முறை அழுத்தினால் குறிப்பிட்ட நிமிடங்களுக்கு இயந்திரம் தானே பூட்டிக்கொள்ளும். அளவுக்கு மீறிப் போகாது. ஆனால் அதைவிடப் பெரிய காவல், மருந்து கூடினால் நோயாளி தூங்கிவிடுவார், தூங்குபவர் அழுத்த மாட்டார் என்பது. பாசத்தில் நீங்கள் அழுத்தினால் அந்தக் காவலே போய்விடும்.

பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் இட்லி சாப்பிடுகிறார். எனக்கு மட்டும் ஏன் இப்படிக் குமட்டுகிறது?

மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு வாந்தியோ குமட்டலோ வருகிறது. யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்பே கணிக்கலாம். அப்ஃபெல் என்ற ஜெர்மன் டாக்டர் 1999இல் எளிய கணக்கு ஒன்றை வெளியிட்டார். இன்றும் பல நாடுகளில் மயக்க மருந்து டாக்டர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான்கு கேள்விகள்: பெண்ணா? புகைபிடிக்காதவரா? முன்பு ஆபரேஷனில் வாந்தி எடுத்திருக்கிறாரா, அல்லது பஸ்ஸில், காரில் போனால் வாந்தி வருமா? ஆபரேஷனுக்குப் பிறகு ஓபியாய்டு மருந்து தேவைப்படுமா? ஒன்றுமே இல்லாதவருக்கு வாந்தி வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். ஒன்று இருந்தால் 20, இரண்டு இருந்தால் 40, மூன்று இருந்தால் 60, நான்கும் இருந்தால் 80.

நம் ஊரில் இதைப் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலான பெண்கள் புகைபிடிப்பதில்லை. ஆகவே எந்தப் பெண் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனாலும் இரண்டு கேள்விகளுக்கு "ஆமாம்" ஏற்கெனவே விழுந்துவிடுகிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருபவர் என்றால் மூன்று. (புகைபிடிப்பவருக்கு வாந்தி குறைவு என்பதால் பீடியை யாரும் நியாயப்படுத்த வேண்டாம், அவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும், நுரையீரல் தொல்லையும் அதிகம்.)

அப்படியானால் முன்கூட்டியே தடுக்க முடியுமா?

முடியும், நீங்கள் வாய் திறந்து சொன்னால். ஆபரேஷனுக்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் பார்க்க வருவார். பல், சர்க்கரை, பிரஷர், ஒவ்வாமை என்று கேட்பார். அப்போது "எனக்கு பஸ்ஸில் போனாலே வாந்தி வரும்", "சிசேரியன் அப்போ ரெண்டு நாள் வாந்தி எடுத்தேன்" என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவரால் செய்ய முடிந்தவை நிறைய இருக்கின்றன: முழு மயக்கத்துக்குப் பதில் முதுகு ஊசி அல்லது நரம்பு ஊசி, வாயுவாகக் கொடுக்கும் மயக்க மருந்துக்குப் பதில் ரத்தக்குழாய் வழியாகவே முழுக்க ப்ரொப்போஃபால் என்ற மயக்க மருந்து, வாந்தியைத் தடுக்க ஆபரேஷன் தொடங்கும்போது டெக்ஸாமெத்தசோன் ஊசி, முடியும்போது ஒண்டான்செட்ரான் 4 மில்லிகிராம். ஆபத்து அதிகம் உள்ளவருக்கு இரண்டு மூன்று வகை மருந்தைச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட இது நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால் ஒரு நாள் சர்க்கரை ஏறும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அளவுக்கு மீறிப் பட்டினி கிடப்பதும் குமட்டலைக் கூட்டும். காலை ஆபரேஷன் என்றால் முந்தின நாள் மாலையிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வருபவர்கள் உண்டு. சாதாரணமாக லேசான உணவுக்கு 6 மணி நேர இடைவெளி, தண்ணீருக்கு 2 மணி நேர இடைவெளி போதும். பால் சேர்த்த காபி, டீ தண்ணீர்க் கணக்கில் வராது. அதற்கும் 6 மணி நேரம்தான். உங்களுக்கு எத்தனை மணிவரை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குமட்டல் வந்துவிட்டது. சிஸ்டர் வரும்வரை என்ன செய்ய?

முதலில் ஒருக்களித்துப் படுங்கள், அல்லது தலையணையை உயர்த்திச் சாய்ந்து உட்காருங்கள். மல்லாந்து கிடக்க வேண்டாம். அரைத் தூக்கத்தில் இருப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கூட இருப்பவர் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். சட்டென்று எழுந்து உட்கார வேண்டாம். தலையை அதிகம் அசைக்காமல் ஒரே இடத்தைப் பார்த்தபடி மூக்கால் மெதுவாக இழுத்து வாயால் விடுங்கள். ஊசி போடும் முன் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சை மூக்கருகே வைத்து இரண்டு மூன்று முறை ஆழமாக முகர்ந்தால் சில நிமிடங்களில் குமட்டல் தணிவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. மணிக்கட்டுக் கோட்டிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, உள்பக்கம், இரண்டு தசைநார்களுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்திப் பிடிப்பதும் பலருக்கு உதவுகிறது. செலவில்லை, கெடுதலும் இல்லை.

மருந்து போட்ட பிறகும் குமட்டல் விடவில்லை என்றால் மறுபடி சொல்லுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் அதே மருந்தைத் திரும்பப் போடுவதைவிட வேறு வகை மருந்து கொடுப்பதுதான் பலன் தரும். மெட்டோகுளோபிரமைட் என்ற வாந்தி ஊசி போட்ட பிறகு, முக்கியமாக இளம் வயதினருக்கு, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, கண் மேலே செருகுவது எப்போதாவது நடக்கும். பார்க்கப் பயமாக இருக்கும். மாற்று ஊசி போட்டால் சரியாகிவிடும். உடனே கூப்பிடுங்கள்.

முதுகு ஊசி போட்டுச் சிசேரியன் நடக்கும்போதே மேசையில் குமட்டினால் பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவதுதான் காரணம். அந்த நிமிடமே தலைமாட்டில் நிற்கும் டாக்டரிடம் சொல்லுங்கள். அழுத்தத்தை ஏற்றியதும் குமட்டல் நின்றுவிடும்.

வாந்தி எடுத்தால், இருமினால் தையல் பிரிந்துவிடுமா?

சாதாரணமாகப் பிரியாது. தோலுக்கு அடியில் அடுக்கடுக்காகத் தைத்திருப்பார்கள். ஒரு தலையணையை மடித்து, தையல் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்து அழுத்திக்கொண்டு இருமுங்கள். வாந்தி எடுக்கும்போதும் அப்படியே. எழுந்திருக்கும்போது நேராக எழ முயலாமல், முட்டியை மடித்து, மொத்தமாக ஒரு பக்கம் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழுங்கள். வயிற்றுத் தசைக்கு வேலையே இருக்காது. மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருந்தால், அதில் ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பலூன் ஊதுவதுபோல ஊதிக்கொண்டிருப்பவர்களைத் தினமும் திருத்துகிறோம்.

எப்போது சாப்பிடலாம்? கத்தரிக்காய், முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் வைக்குமா?

குடலில் கை வைக்காத ஆபரேஷன் என்றால், நன்றாக விழித்து, குமட்டல் இல்லாதபோது, முதலில் சிறு சிறு வாயாகத் தண்ணீர், பிறகு கஞ்சி, இட்லி என்று அன்றே தொடங்கிவிடலாம். ஒரே மடக்கில் டம்ளரைக் காலி செய்தால்தான் வாந்தி வரும். "காற்று பிரிந்ததா?" என்று கேட்டுக் காத்திருக்கும் வழக்கம் பல ஆபரேஷன்களுக்கு இப்போது தேவைப்படுவதில்லை. குடல் ஆபரேஷனுக்கு மட்டும் சர்ஜன் சொல்லும் வரை பொறுங்கள்.

கத்தரிக்காயும் முட்டையும் மீனும் சீழ் வைக்காது. சீழ் வைப்பது கிருமி. காயம் ஆறப் புரதம் வேண்டும். அதைத் தரும் முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாவற்றையும் பத்தியம் என்று நிறுத்திவிட்டு இரண்டு வாரம் ரசம் சாதமும் பிரெட்டும் கொடுத்தால் காயம் எதை வைத்து ஆறும்? எண்ணெயில் பொரித்ததையும் அதிகக் காரத்தையும் சில நாள் தள்ளிவைத்தால் போதும்.

லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுத்தார்கள். வயிற்றைவிடத் தோள்பட்டை வலிக்கிறதே?

வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயு கொஞ்சம் தங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்தும். அதன் நரம்பும் தோள்பட்டை நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால் மூளைக்குத் தோள் வலிப்பதுபோலத் தெரிகிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். நடப்பது உதவும். இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ சேர்ந்து வந்தால் இதுதான் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

முதுகில் ஊசி போட்டால் காலத்துக்கும் முதுகுவலி வருமா?

ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். வருடக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு அந்த ஊசி காரணமில்லை. பிரசவத்தில் முதுகு ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வித்தியாசம் தென்படவில்லை. கர்ப்பத்தின் எடை, குனிந்து பால் கொடுப்பது, தளர்ந்த வயிற்றுத் தசை ஆகியவை உண்மையான காரணங்கள். தலைவலி மட்டும் வேறு கதை. உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் அடங்கும் என்றால் அது ஊசியால் வந்த தலைவலியாக இருக்கலாம். வீட்டில் இருந்து அவதிப்படாமல் வாருங்கள், சிகிச்சை இருக்கிறது.

குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். வலி மாத்திரை போடலாமா?

பாராசிட்டமாலும் ஐபுப்ரொஃபெனும் தாராளமாகப் போடலாம். ஓபியாய்டு வகையான கோடீன், டிரமடால் இரண்டையும் பால் கொடுக்கும் தாய்மார்கள் தவிர்ப்பது நல்லது. வலியோடு இருக்கும் தாய்க்குக் குழந்தையைத் தூக்கி அணைத்துப் பால் கொடுப்பதே கஷ்டம். குழந்தைக்காக மாத்திரையை நிறுத்துவது குழந்தைக்கு நன்மை செய்வதில்லை.

டிஸ்சார்ஜில் மூன்று வகை மாத்திரை எழுதியிருக்கிறார்கள். வீட்டில் டோலோவும் இருக்கிறது. சேர்த்துப் போடலாமா?

அட்டையைத் திருப்பி, என்னென்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்று படியுங்கள். டோலோ 650இல் இருப்பது பாராசிட்டமால் 650. அல்ட்ராசெட்டில் டிரமடாலோடு பாராசிட்டமால் 325 இருக்கிறது. ஜீரோடால்-பி என்பதில் அசெக்ளோஃபினாக்கோடு மறுபடி பாராசிட்டமால் 325. மூன்றையும் நாளைக்கு மூன்று வேளை போட்டால் பாராசிட்டமால் மட்டும் 3,900 மில்லிகிராம் ஆகிவிடும். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்ச வரம்பு 4,000. எடை 50 கிலோவுக்குக் கீழ் இருப்பவர், கல்லீரல் பாதிப்பு உள்ளவர், குடிப்பவர் ஆகியோருக்கு வரம்பு இதைவிடக் குறைவு. இதன் மேல் காய்ச்சல் என்று ஒரு மாத்திரை போட்டால் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

சிறுநீரகக் கோளாறு, அல்சர், இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபென் எதையும் கேட்காமல் போடக் கூடாது. மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் டிரமடால் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

டான்சில் எடுத்த குழந்தை அழுகிறது, எதுவும் விழுங்க மாட்டேன் என்கிறது.

எழுதிக் கொடுத்த சிரப்பை எடை பார்த்து, நேரம் தவறாமல் கொடுங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 என்றும் 250 என்றும் வருகிறது. பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பாகிவிடும். கோடீன், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. நிமெசுலைடு என்ற வலி மருந்து 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு 2011 முதல் இந்தியாவில் தடை. மருந்து கொடுத்து அரை மணி கழித்துக் குளிர்ந்த பால், ஐஸ்கிரீம் கொடுத்தால் இறங்கும். புதிதாகச் சிவப்பு ரத்தம் துப்பினாலோ, தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள்.

பாட்டி வலிக்கிறது என்று சொல்வதே இல்லை. ஆனால் இரவெல்லாம் உளறுகிறார்.

வயதானவர்களுக்கு வலி, அடைபட்ட சிறுநீர், மலச்சிக்கல், தூக்கமின்மை, ஓபியாய்டு, இவற்றில் எதனாலும் இப்படிக் குழப்பம் வரலாம். கட்டிப்போடாதீர்கள், அதட்டாதீர்கள். கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். புருவம் சுருக்குவது, முனகுவது, தொட்டால் கையைத் தட்டிவிடுவது எல்லாம் வலியின் அடையாளமாக இருக்கலாம் என்று எங்களிடம் சொல்லுங்கள்.

மலம் கழித்து நான்கு நாள் ஆகிறது.

ஓபியாய்டும் ஒண்டான்செட்ரானும் மலத்தைக் கட்டும். மலம் கட்டினால் வயிறு உப்பி மறுபடி குமட்டும். தண்ணீர், நடை, பழம், டாக்டர் எழுதிய லாக்டுலோஸ் (மலத்தை இளக்கும் சிரப்) போதும். பேதி மருந்தை நாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எந்த நிலையில் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்?

நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி திடீரென ஏறினால். பச்சையாகவோ ரத்தமாகவோ வாந்தி எடுத்தால், தண்ணீர்கூட ஒரு நாள் முழுக்கத் தங்காவிட்டால், வயிறு கல்போல உப்பிக் காற்றும் பிரியாவிட்டால். தையல் சிவந்து சூடாகிச் சீழ் வந்தால், காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டினால். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால். சிறுநீர் போகாவிட்டால்.

வலி மருந்து போட்டவரை உலுக்கியும் எழுப்ப முடியவில்லை, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவாக வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றாலும், திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலும் 108ஐ அழையுங்கள். போட்ட மாத்திரை அட்டைகள் அத்தனையையும், டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரே பையில் போட்டுக் கையோடு கொண்டு வாருங்கள். எது, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.